காலியாக விட்ட வரி

என் அன்பான பம்ப் டாக்டருக்கு,

நானும் வயிற்றில் இருப்பவரும் சுகம். அவர் உதைப்பதை நிறுத்தவில்லை, நான் நடப்பதை நிறுத்தவில்லை. போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லை. நீங்கள் பம்ப் பழுதுபார்க்கப் போயிருக்கும் ஆஸ்பத்திரியின் வார்டு நர்ஸிடம் சொல்லிவைத்திருக்கிறேன், இந்த மெயிலை நீங்கள் படிக்கும்வரை புது சர்க்யூட் போர்டு போட்ட மருந்து பம்ப் எதையும் நோயாளிக்கு மாட்ட வேண்டாமென்று. "நீங்க யாரு?" என்றார். சாஃப்ட்வேர் எழுதுகிறவள் என்றேன். மனைவி என்றால் வீட்டு விஷயம் என்று நினைத்துவிடுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மாற்றுவது முன்பக்கப் போர்டு மட்டும். மோட்டார் போர்டு பழையது. மருந்து என்ன வேகத்தில் போக வேண்டும் என்று முன்பக்கம் சொல்ல, மோட்டார் கேட்டு ஓடுகிறது. அந்தச் செய்தியில் எண்களுக்கு நடுவே இடைவெளி விடாதே என்று நாங்கள் எழுதுவதை மெஷின் மொழிக்கு மாற்றும் ஒவ்வொரு கம்பைலருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எழுதிவைக்கும் நம் ஹெடர் ஃபைலில், பழைய கம்பைலர் என்றால் இந்தச் சொல், இன்னொன்று என்றால் அந்தச் சொல் என்று இருக்கிறது. வேறு எதுவானாலும் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. யாரோ அப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறார்கள். இந்த வருடம் கம்பைலரை மாற்றினோமே, அது நேராக அங்கே போய் விழுந்திருக்கிறது. ஒரு எர்ரர்கூடக் காட்டாமல், சமர்த்தாக, நடுவில் ஒரு வெற்று பைட்டைச் செருகிவிட்டது. பின்னால் வரும் எண்கள் ஒரு இடம் தள்ளிப்போக, பழைய மோட்டார் போர்டு வேகத்தைத் தப்பாகப் படிக்கிறது.

லேபில் எப்படித் தேறியது என்பீர்கள். அங்கே இரண்டு போர்டிலும் புது சாஃப்ட்வேர். இரண்டும் ஒரே தப்பைச் செய்ததால் ஒத்துப்போய்விட்டன. இன்று காலை சர்வீஸ் அலமாரியிலிருந்து பழைய மோட்டார் போர்டை எடுத்து மாட்டி, மருந்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, மிகக் குறைந்த வேகம் வைத்தேன். மோட்டார் தலைதெறிக்க ஓடியது. திரையில் மட்டும் நான் வைத்த எண் சாதுவாக நின்றது. மேஜையெல்லாம் தண்ணீர்.

மேனேஜர் முதலில், "ஒரு தடவை ஓடினதை வச்சு ஊரைக் கூட்டாதம்மா" என்றார். மறுபடி ஓட்டிக் காட்டினேன். நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். மேலிடம் கூடிப் பேசி முடிவு சொல்லுமாம். அவர்கள் சாவகாசமாகப் பேசட்டும். நீங்கள் புதுப் போர்டுகளைக் கழற்றிப் பழையவற்றை மாட்டுங்கள். ஒவ்வொரு பம்ப்பையும் அளவுக் குடுவையில் ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

நீங்கள் ஊருக்கு வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்குள் முடிகிற வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்கிறார். அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தபடி, "அவன் வந்துடுவான்ல?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இத்தனை நாளும் "உங்க பிள்ளை வந்துடுவார் அத்தை" என்று நான்தான் சொன்னேன். இன்று பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதத்தான் மனம் பறக்கிறது. எழுத மாட்டேன். அந்தக் கட்டில்களில் இருப்பவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்துக்கொண்டிருப்பார்கள்.

டிக்கெட்டை மாற்றிவிடுங்கள். அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள், என்னால் ஆகாது. அவசரப்படாமல் வேலை செய்யுங்கள். உங்கள் கை பட்ட பம்ப் ஒன்றுகூடத் தப்பாக ஓடாமல் இருக்கட்டும். பிரசவத்துக்கு எனக்குப் பயமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் எனக்குப் பொய் வராது. அதனால் நீங்கள் கேட்காதீர்கள்.

உங்கள்
அவசரக்குடுக்கை