எந்தப் பிரிவிலும் இல்லாத அணி

இன்று காலை எங்கள் கல்லூரி மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த மண்ணில் சுண்ணாம்புத் தூள் விழுந்ததும் ஒரு வாசனை எழுந்தது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்குள் வந்து உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

உடற்கல்விப் பயிற்சியில் நாம் ஒரே அறை. நீ கொள்ளேகால்காரன். நான் மைசூரிலேயே பிறந்த ரயில்வே குடும்பத்துப் பையன். "உன்ற பேச்சுல பாதி கன்னடம், மீதி இங்கிலீசு. தமிழ் எங்கடா?" என்று சிரிப்பாய். பிறகு நான் இங்கே பெரிய கல்லூரியில் விளையாட்டு ஆசிரியரானேன். நீ நஞ்சன்கூட்டில் சின்னக் கல்லூரிக்குப் போனாய். ஆண்டுதோறும் ஒரே கால்பந்து லீக்கில் நம் அணிகள் மோதிக்கொண்டன.

அந்த லீக்கைக் கலைத்தார்கள். நகரத்துப் பெரிய கல்லூரிகள் பெங்களூர்க் கல்லூரிகளோடு சேர்ந்து புதிய லீக் தொடங்கின. எங்களையும் அழைத்தார்கள். எனக்கு மகிழ்ச்சிதான், மறைக்க மாட்டேன். மற்ற சின்னக் கல்லூரிகள் மண்டியா பக்கத்துப் பிரிவில் சேர்ந்தன. உங்கள் பெயர் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அன்று மாலையே மைசூர் விஜயநகரில் என் வீட்டுக்கு வந்தாய்.

"லீக்ல எடம் கேக்க வரலடா. வருசத்துக்கு ரெண்டே ஆட்டம். ஒண்ணு உங்க கிரவுண்டு, ஒண்ணு எங்க கிரவுண்டு. மேட்ச் இருக்குதுன்னாத்தான் பசங்க பிராக்டிசுக்கு வருவாங்க."

ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முதல் ஆண்டு உன் மைதானத்தில் ஆட்டம் சமனில் முடிந்தது. உன் கோல்கீப்பர் பெனால்டியைத் தடுத்தபோது செருப்புக் காலோடு நீ உள்ளே ஓடியதைக் கண்டு என் பையன்களே கைதட்டினார்கள்.

இரண்டாம் ஆண்டு, நாங்கள் நஞ்சன்கூட்டுக்கு வர வேண்டிய அதே சனிக்கிழமைக்கு லீக் எங்கள் பெங்களூர் ஆட்டத்தை மாற்றியது. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். உன் குரலைக் கேட்க வேண்டுமே என்ற சங்கடத்தில் நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். சனிக்கிழமை மதியம் நீயே அழைத்தாய்.

"எங்கடா வந்துட்டிருக்கீங்க? பசங்க ரெடியா நிக்கறாங்க."

பெங்களூரில் இருப்பதாகச் சொன்னேன். உனக்குப் பின்னால் பந்து உதைபடும் சத்தம் கேட்டது. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றாய். பிறகு, "ஆய்த்து பிடு" என்றாய். ஆயிற்று, விடு என்று கன்னடத்தில். கோபம் வந்தால் தமிழில் திட்டுகிறவன் நீ. அன்று திட்டவில்லை.

அதன்பின் நீயும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. ஆட வேறு ஆள் இல்லாததால் அடுத்த ஆண்டே உன் கல்லூரி அணியைக் கலைத்துவிட்டது. உன்னைத் தேர்வு மேற்பார்வைக்கு மாற்றிவிட்டார்கள் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு மாரடைப்புச் செய்தி வந்தது.

உன் வீட்டு வாசலில் உன் பழைய கேப்டன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். இப்போது நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறானாம். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு உங்க பஸ் நடுவழில ரிப்பேராகி நின்னுருச்சாமே சார்? நாங்கெல்லாம் உங்க மேல கோவமா இருந்தோம். எங்க சார்தான் சொன்னாரு, 'அவன் வராம இருக்கற ஆளு இல்லடா, வண்டிதான் காலை வாரிருச்சு'ன்னு."

கொஞ்சம் தள்ளி நின்றிருந்த உன் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

"ஆமாப்பா" என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! நீ எனக்காகச் சொன்ன பொய், நான் எனக்காகச் சொன்ன பொய், இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன. கிளம்பும்போது அவன் ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

இன்னும் அழைக்கவில்லை.