மா.செ.வுக்கு ஒரு வாரண்டு

பிப்ரவரி 3, செவ்வாய்
பனி. பாகலூர் ரோடே தெரியவில்லை. கோர்ட்டுக்குப் போகும் வழியில், டீக்கடையில் காதில் விழுந்தது:

"யாருப்பா அது, எம்.பி.தானே?"

"பழைய எம்.பி. செத்தவரோட மிச்ச மாசத்துக்கு டெல்லி போனாரே. நாலு கரண்டு பில்லு கட்றதுக்குள்ள திரும்பிட்டாரு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். எல்லாம் எங்கள் கட்சி மாவட்டச் செயலாளர் செய்த வேலை. (இனி வெறும் 'மா.செ.'தான்; பெயரை எழுதக் கை கூசுகிறது.) செத்தவரின் மிச்சப் பதவிக்காலத்தை எனக்குப் போட்டான். முழு ஆறு வருஷம் வந்ததும் தன் மச்சானுக்குக் கொடுத்தான். மாநிலங்களவையில் ஒரே முறை எழுந்தேன், ஓசூர் ரயில் பற்றிப் பேச. அமளி. ஒத்திவைப்பு. தீர்ந்தது.

வாங்க: தக்காளி, பிரஷர் மாத்திரை, கோட்டுக்குப் பட்டன்.

பிப்ரவரி 5, வியாழன்
மா.செ. ஆபீசுக்கு வந்தான். சாலை மறியல் வழக்கில் இன்னமும் நான்தான் அவன் வக்கீல். வேண்டுமென்றே வெளி பெஞ்சில் உட்காரவைத்துப் பேப்பர் படித்தேன். விளம்பரம் உட்பட. என்ன சுகம்!

"வக்கீலே, திங்கக்கிழமை வாய்தா. அன்னிக்குத்தான் சென்னையில நேர்காணல். சட்டசபை சீட்டு கேக்கணும். நான் வர முடியலன்னு மனு போட்ருங்க."

"போட்டுடறேண்ணா. நிம்மதியா போய்ட்டு வாங்க."

போட மாட்டேன். மனு இல்லாவிட்டால் வாரண்டு. வாரண்டு வாங்கினவனுக்கு சீட்டா? நாறட்டும்.

பிப்ரவரி 7, சனி
குமாஸ்தா கேட்காமலே மனுவை டைப் அடித்து வைத்திருந்தார். கிழித்தேன். மாத்திரை மறந்தாயிற்று.

"என்னங்க, தானா சிரிச்சிக்கிறீங்க?" என்றாள் இவள். வாயுத் தொல்லை என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்
மூன்று முறை அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி என்னைப் பார்த்தார். "மனு ஏதும் இருக்கா?"

"இல்லை."

பிடிவாரண்டு. நேரே பிரியாணிக் கடைக்கு. இரண்டு பிளேட்.

சாயங்காலம் போன். மா.செ.

"வாரண்டாமே வக்கீலே? மறந்துட்டீங்களா? பரவால்ல விடுங்க, ஆயிரம் வேல உங்களுக்கு. சேதி தெரியுமா? தலைவர் சரின்னுட்டாரு."

"வாழ்த்துகள்ணா."

"எனக்கில்ல சாமி, உங்களுக்கு! உங்களுக்குத்தான் கேட்டேன். டெல்லியில பாதியில இறக்கி விட்டது உறுத்திட்டே இருந்துச்சு. நாளைக்கே சால்வையோட வரேன், வீட்லயே இருங்க."

"சரிங்கண்ணா" என்றேன்.

வாரண்டை ரத்து செய்ய மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன காரணம் போடுவது? பாவி, இதிலும் என்னை ஜெயிக்க விடவில்லை.