நாம் ஓட்டிய விண்கப்பல்

என் தங்க அண்ணா,

நீ எங்களை விட்டுப் போய் நாற்பது நாள் ஆகிறது. நேற்று நாமக்கல் வீட்டில் அண்ணி பீரோவைத் திறந்து நம் பழைய கம்ப்யூட்டரை எடுத்துக் கொடுத்தார். கூடவே, நம் ஆட்டத்தைப் பதிந்துவைக்கும் கேசட், மேலே உன் கையெழுத்து.

நினைவிருக்கிறதா? பம்பாய்க்கு லோடு கொண்டுபோன நீ, யாரோ விற்ற அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தாய். டிவியில் மாட்டினால் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாய் ஒரு விண்கப்பல். ஒரு கிரகத்தில் சரக்கு வாங்கி இன்னொன்றில் விற்கிற ஆட்டம். லாரிக்காரன் வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

"சாமி, நீ ஓட்டு. ஏத்தறதும் எறக்கறதும் நான் பாத்துக்கறேன்" என்றாய். வீட்டில் ஸ்டியரிங்கைத் தொட விடாத பெண்ணிடம் ஒரு கப்பலையே கொடுத்தாய். போதைப்பொருளில் லாபம் அதிகம் என்று நான் சொன்னால், "நம்ம வண்டியில அதெல்லாம் ஏத்தக்கூடாது" என்பாய். கொள்ளைக்காரர்கள் சுட வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து "லெப்ட்ல, லெப்ட்ல" என்று கிளீனர் வேலை பார்ப்பாய்.

ஒவ்வொரு கிரகத்துக்கும் மேலே சுழலும் நிலையத்தின் சின்ன வாசலுக்குள் கப்பலை நுழைப்பதுதான் கஷ்டம். உள்ளே சேர்ந்தால்தான் சரக்கை இறக்கி, ஆட்டத்தை கேசட்டில் பதிய முடியும்; மோதினால் கடைசியாகப் பதிந்த இடத்திலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். உனக்கு அது வரவே இல்லை. எனக்கு வந்தது.

நான் கல்யாணமாகி ஜலகண்டாபுரம் போன பிறகு ஒருநாள் போனில் சொன்னாய்: "இப்பல்லாம் நானே உள்ள நொழச்சுடறேன் அம்மிணி." எனக்குச் சுருக்கென்றது. நான் இல்லாமலே நடக்கிறதே! ஒவ்வொரு பொங்கலுக்கும் "வந்து ஒருவாட்டி ஓட்டிப் பாரேன்" என்று கூப்பிட்டாய். "அதான் உனக்கே வருதே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனை வருஷ வீம்பு!

நேற்று கேசட்டைப் போட்டேன். ஓடுமா என்று சந்தேகம்தான். ஓடியது. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் கொண்டுபோய் நிறுத்திய அதே நிலையத்தில் கப்பல் நிற்கிறது. நீ ஏற்றிய துணி மூட்டைகூட இறங்கவில்லை.

அண்ணியிடம் கேட்டேன். "உங்கண்ணன் பொழுதுக்கும் மோதிட்டு மோதிட்டு உக்காந்திருப்பாருங்க அம்மிணி. 'மல்லியாட்ட எனக்கு வரமாட்டீங்குது'ம்பாரு" என்றார்.

ஏன் அண்ணா பொய் சொன்னாய்? போன இடத்தில் நான் ஏங்காமல் இருக்கட்டும் என்றா? பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டது எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அழுதுகொண்டே கிளப்பினேன். அடுத்த கிரகம் வரை போய்விட்டேன். வாசலில் மோதிவிட்டது. ஐந்து தடவை, ஐந்தும் மோதல். கை மறந்துவிட்டது, சிரிக்காதே.

விடமாட்டேன். ஞாயிறுதோறும் வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவேன். நீ மோதிய அத்தனை தடவையும் நானும் மோதினாலும் சரி, அந்தத் துணியைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன்.

உன் தங்கச்சி,
மல்லிகா