மூன்றாம் பெட்டி

ஐப்பசி, வெள்ளி இரவு.

வாயில் அந்த மீன்நாற்றம் இன்னும் போகவில்லை.

சீனத்திலிருந்து கப்பலில் வந்த ஊலாங் தேயிலையை ஒல்லாந்துத் துரை இன்று கோட்டையில் ருசி பார்த்தார். மூன்று பெட்டி, மூன்று ரகம். துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி என்பதால் எனக்கும் ஒவ்வொரு வாய் கிடைத்தது. முதலாவது வெளிறிய பச்சை, பூவாசம். இரண்டாவது நெருப்பில் வாட்டியது, வறுத்த அரிசி மணம். மூன்றாவதுதான் உயர்ந்தது, தேன்போல் இனிக்கும் என்று சொல்லிக் குடித்த துரை, துப்பிவிட்டார்.

பெட்டிகளைக் கரைசேர்த்த கோட்டைக்குப்பத்துப் படகோட்டி எல்லப்பனை வரவழைத்து, என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அந்தப் பெட்டில இடுக்கு வுட்டிருந்துச்சு ஐயா. அலைத்தண்ணி பூந்துடும்னு, நம்ம படகுக்குப் பூசற மீனெண்ணெயத் தடவுனேன். ஒரு சொட்டு உள்ள போவல, பாத்தீங்களா?"

அதை அப்படியே துரையிடம் சொன்னேன். வேறெப்படிச் சொல்வது? இனி இவன் படகு கப்பல் பக்கமே போகக்கூடாது என்றார்.

அதைத் தமிழில் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், எல்லப்பன் தோள்துண்டை விரித்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான். புதிதாய் வெளுத்த வேட்டி கட்டி வந்திருந்தான். வெகுமதி தரத்தான் கூப்பிட்டோம் என்று நினைத்திருக்கிறான்.