மூன்று தடவை அடித்த போன்

அன்பு மகளுக்கு,

"ஏனப்பா அந்த நேரம் கோல் எடுத்தனீங்கள்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டாய். அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

ஊரில் படிப்பித்த காலத்தில், ஷெல்லடி ஓய்ந்ததும் வகுப்பில் இடாப்பை விரித்துப் பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிடுவேன். கடைசிப் பிள்ளையும் "ஓம் சேர்" என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும். உன் வேலையிடத்துக்குள் ஒருவன் துவக்கோடு நுழைந்துவிட்டான் என்று செய்தியில் கேட்டதும், அதே பழக்கத்தில் உன்னை அழைத்தேன். மூன்று தடவை. ஊரில் ஓயும்வரை காத்திருந்தவன், அன்று காத்திருக்கவில்லை.

பயிற்சியில் சொல்லித் தந்தபடியே நீ கதவைப் பூட்டினாய், விளக்கை அணைத்தாய், கூட வேலைசெய்த கிளிபோட்டோடு மேசைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாய். என் அழைப்பின் சத்தம் கேட்டுத்தான் அவன் கதவை உடைத்துச் சுட்டான். நீ தோளில் காயத்தோடு பிழைத்தாய். கிளிபோட் பிழைக்கவில்லை.

நேற்று கிளிபோட்டின் தாயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அழுதார். பிறகு, "மாஸ்டர், நானும்தான் அந்த நேரம் அவனுக்குக் கோல் அடிச்சனான். அவன்ரை போன் சத்தமில்லாமல் கிடந்திருக்கு" என்றார்.

போனை நிறுத்த மறந்தது உன் பிழையென்று நினைக்காதே, பிள்ளை. அடித்தது நான்.

திங்கட்கிழமை நீ வேலைக்குத் திரும்புகிறாயாம். அம்மா சொன்னா. வாசலிலேயே நின்று, போனின் சத்தத்தை நிறுத்திவிட்டு உள்ளே போ.

அப்பா