மூடி ஒட்டிய கப்பல்

என்னங்க,

சாப்பாட்டை அடுப்புமேல் மூடி வைத்திருக்கிறேன். பின்வாசல் சாவி ஆணியில் தொங்குகிறது.

நீங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இத்தாலியப் போர்க்கப்பல் மாடலை நான் தொடவில்லை. ஆனால் காலையிலிருந்து அதற்குள் யாரோ தட்டுகிறார்கள். மிச்சமான பிளாஸ்டிக் மாலுமிகள் காலில் குத்துகிறார்கள் என்று நேற்று கத்தினேன் இல்லையா? "இனி உன் கண்ணுலயே படமாட்டாங்க, போதுமா"ன்னு எல்லாரையும் உள்ளே கொட்டி மேல்தளத்தை ஒட்டினீர்களே, அவர்கள்தான். கப்பலுக்கு அடியில் மேசையும் நனைகிறது. துடைத்த விரல் உப்புக் கரிக்கிறது.

வந்ததும் முதல் வேலையாக அதை அறுத்துத் திறந்துவிடுங்கள். அவர்கள் எங்கே கிடந்தாலும் இனி நான் வாயே திறக்க மாட்டேன்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது சத்தம் நின்றுவிட்டது. அவசரமில்லை, முதலில் சாப்பிடுங்கள்.