பதினான்கு வரை எண்ணினேன்

தாம்பரம்,
12.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பூங்காவனம் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் நின்றதா?

நேற்று நான் நர்ஸ் பயிற்சி எடுக்கும் வார்டில் நடந்ததைக் கேளுங்கள். பம்மல் தோல் கம்பெனியில் வேலை செய்யும் கேசவன் இருபது நாளாக மூச்சு மெஷினில் இருக்கிறார். இப்படியே படுத்திருந்தால் பிறகு நடக்கவே முடியாது என்று, பிசியோதெரபி கிருபா அக்கா டாக்டரை வைத்துக்கொண்டு, குழாயோடே அவரைக் கட்டிலோரம் உட்கார வைத்தார். அவர் மனைவி பதறிவிட்டார்.

"மூச்சே மெஷின்ல கீது, இன்னாத்துக்கு அந்த மனுசன இம்ச பண்றீங்கோ?"

கேசவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பத்து வரை உரக்க எண்ண வேண்டும். முதலில் முணுமுணுத்துத்தான் எண்ணினேன். ஐந்து எண்ணும்போது அவர் கால் தரையை அழுத்தியது, அம்மா! சந்தோஷத்தில் கத்தி எண்ணினேன். பத்தில் நிறுத்த மறந்து பதினான்குக்குப் போய்விட்டேன். அவரும் விழாமல் உட்கார்ந்திருந்தார்.

"போதும்டி, விட்டா இன்னிக்கே அவரை டூட்டிக்கு அனுப்பிடுவ" என்று கிருபா அக்கா சிரித்தார். கேசவன் மனைவி அழுதார்.

இங்கே எனக்குத் தலை பின்னிவிட ஆளில்லை. மாமா வரும்போது பெரிய பல் சீப்பைக் கொடுத்தனுப்புங்கள். தம்பியை இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

முடிக்கிறேன், அம்மா. கேசவன் மனைவி என்னைத் தேடி ஹாஸ்டல் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னிக்கு இருவது எண்ணணும், சீக்கிரம் வாம்மா!"

உங்கள்
பூங்காவனம்